மேடையில் கை தட்டியவள்

ஜோதிமணி அஜ்மானில் ஒரு தனியார் கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர். அவள் வருவதற்கு முன் அந்தக் கல்லூரியில் அப்படி ஓர் அணியே கிடையாது. இப்போது இரண்டு வருடமாகக் கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பை அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கோப்பை வந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். திண்டுக்கல்லில் பள்ளி நாட்களிலிருந்து ஆடியவள் என்பதால் ஆட்டம் சொல்லிக்கொடுப்பது அவளுக்குச் சிரமமாக இல்லை. பெண்களை மைதானத்துக்கு வரவழைப்பதுதான் சிரமம். பெற்றவர்கள் விடவில்லை. ஆகவே ஷார்ஜாவிலும் பர் துபாயிலும் வீடு வீடாகப் போனாள். கொடுத்த டீயையெல்லாம் குடித்தாள். காலேஜை நம்ப வேண்டாம், என்னை நம்பி அனுப்புங்கள் என்றாள். வெளியூர் ஆட்டமென்றால் பஸ்ஸில் முன்சீட்டில் அவளே உட்கார்ந்து போவாள். திரும்பும்போது ஒவ்வொரு அம்மாவுக்கும் போன் போட்டு, பிள்ளை பஸ் ஏறிவிட்டாள் என்று சொல்வாள். கேப்டன் உம்மு சல்மாவின் வாப்பா ஒருமுறை சிரித்துக்கொண்டே, "பீஸ் மட்டும்தாம்மா காலேஜுக்கு. புள்ளய உங்ககிட்டதான் குடுத்திருக்கோம்" என்றார். அன்றைக்கு அது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அவளுடைய வீடு இங்கே இல்லை. கணவன் விமல் குவைத்தில், மங்காஃபில் இருக்கிறான். மகனும் அவனோடுதான். ஒரு வருடம் பார்க்கலாம் என்று வந்தவள், ஒரு கோப்பை, இன்னொரு கோப்பை என்று தங்கிவிட்டாள். வரும்போது எல்.கே.ஜி.யில் இருந்த பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு. வீடியோவில் அவளைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் நலம் விசாரித்துவிட்டு, போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். மார்ச்சில் மங்காஃபுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்கள் கால்பந்துப் பள்ளியில் அவளைக் கேட்டார்கள். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். இங்கே முதல்வருக்கு மட்டும் சொன்னாள். கோப்பை முடியட்டும், பிறகு பேசுவோம் என்றார் அவர்.

பேசவில்லை. கோப்பைக்கான பாராட்டு விழா மேடையில் முதல்வர், எத்தனை பேர் கூப்பிட்டாலும் நம் ஜோதிமணி மேடம் நம்மை விட்டுப் போக மாட்டார் என்று அறிவித்தார். அரங்கம் கை தட்டியது. பக்கத்தில் நின்ற ஜோதிமணியும் தட்டினாள். பேசி முடித்தவருக்குத் தட்டும் வழக்கமான கைதட்டல்தான். ஆனால் முன்வரிசையில் இருந்த அம்மாமார்கள் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரமே பெண்கள் எல்லாரும் வீட்டில் சம்மதம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருடத்துக்கும் ஆடலாமாம்.

திங்கட்கிழமை அடுத்த வருடப் போட்டிக்குப் பெயர்ப் பதிவு முடிகிறது. பதிவாகிவிட்டால் பெற்றவர்கள் பிள்ளையை நடுவில் விலக்குவது லேசல்ல. அதுவரை வாயைத் திறக்க வேண்டாம் என்று துணைப் பயிற்சியாளர் சுரேஷ்குமார் சொன்னான். இனி அணி அவன் கைக்குத்தான் போகிறது. விமலும் அதையேதான் சொன்னான். அவளும் இரண்டு நாள் அப்படியே இருந்து பார்த்தாள். சாப்பிட முடியவில்லை. சனிக்கிழமை மாலை ஷார்ஜாவுக்குப் புறப்பட்டாள். முதலில் மேனுஜா வீடு. கோல்கீப்பர் அவள்தான்; சம்மதம் வாங்கக் கடைசிவரை இழுத்த வீடும் அதுதான்.

மேனுஜாவின் அப்பா கதிர்காமு யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை. கதவைத் திறந்தவர், நாங்களே உங்களைக் கூப்பிட இருந்தோம் என்று சொல்லி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி வள்ளிநாயகி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஜோதிமணியின் கையைப் பிடித்தாள். உட்காரக்கூட விடாமல் உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த அறையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு மலையாளத்து நர்ஸ் குடியிருந்தாள். இப்போது அது காலியாக இருந்தது. சுவருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. மேனுஜா ஸ்டூலில் ஏறி நின்று ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் தனிய ஒரு அறையில கிடந்து அவதிப்படுறியள் எண்டு பிள்ளை சொன்னவள். நீங்கள் இனி இங்கதானே. எங்களோட வந்து இருங்கோ. இங்க இருந்த நர்ஸ் பிள்ளையை வேற இடம் பாக்கச் சொல்லிப்போட்டம்" என்றாள் வள்ளிநாயகி.

ஜோதிமணி அறை நடுவில் நின்றாள். வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு வந்த வாக்கியங்களில் ஒன்றுகூட இந்த அறைக்குப் பொருந்தவில்லை. கல்லூரி, ஒப்பந்தம், குடும்பச் சூழ்நிலை என்று ஆரம்பிப்பதாக இருந்தாள். ஒரு நர்ஸ் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள் என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது.

"அக்கா, நான் குவைத் போறேன். வீட்டுக்காரரும் பையனும் அங்கதான இருக்காங்க. மார்ச் மாசமே அங்க சரின்னு சொல்லிட்டேன்."

வள்ளிநாயகி கையை விட்டாள். கட்டிலில் உட்கார்ந்தாள். வேறு எதையோ கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"மேடையில கை தட்டினனீங்கள்தானே?"

"தட்டினேன்."

கதிர்காமு வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. தாயும் பிள்ளையும் பிரிந்திருப்பது சரியில்லை, நீங்கள் போவதுதான் முறை என்றார். இனி யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். சுரேஷ்குமார் பெயரைச் சொன்னாள்; நல்ல மனிதன், நேரம் தவறாதவன், தானே இங்கே கூட்டிவந்து அறிமுகம் செய்கிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

"அந்தப் பொடியனில குறையொண்டும் இல்லை, மேடம். நாங்கள் உங்களை நம்பித்தான் விட்டனாங்கள். பிள்ளை விளையாடினது காணும், இனி வேண்டாம்."

பெற்றவர்களில் ஒருவர் அடுத்த வருடம் பஸ்ஸில் கூடப் போகலாமே என்று ஜோதிமணி கேட்டுப் பார்த்தாள். வேலை நாட்களில் எப்படி முடியும் என்றார் அவர். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. இரண்டு வருடம் முன்பு இதே வீட்டில் கேட்ட அதே கேள்விகள்தான். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் 'நான் இருக்கிறேன்' என்பதே பதிலாக இருந்தது. வேறு ஒரு பதிலைத் தயார் செய்து வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று மட்டும் வள்ளிநாயகி பிடிவாதமாகச் சொன்னாள். புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். குவைத்தில் வெயில் இங்கே மாதிரிதானா, பையனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று இரண்டு தடவை கேட்டாள். அவர்கள் திட்டியிருந்தால் ஜோதிமணிக்கு லேசாக இருந்திருக்கும். போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். மேனுஜா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், தட்டுகளை எடுத்தாள்.

லிப்ட் வரை வழியனுப்ப அவள்தான் வந்தாள். பின்னால் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மேனுஜா பட்டனை அழுத்தவில்லை.

"மண்டே ரிஜிஸ்ட்ரேஷன் முடியுது மேடம். ரெண்டு நாள் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்தானே."

"உங்க அம்மா ரூமைக் காட்டினாங்க. அப்புறமும் எப்படிடா சொல்லாம இருக்கிறது?"

"ரூமைப் பாக்க முதலே சொல்லத்தானே வந்தனீங்கள்."

சொல்லத்தான் வந்தாள். நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் இரண்டு நாளாக இறங்காத சாப்பாடு இப்போது இறங்கியிருந்தது. எதிரில் நிற்கும் இந்தப் பெண் சாப்பிடவே இல்லை.

"நான் திரும்ப உள்ள வந்து அப்பாகிட்டப் பேசறேன்" என்றாள்.

மேனுஜா நிமிர்ந்து பார்த்தாள். "இங்கயே நிப்பன் எண்டு சொல்லுவீங்களா?"

மங்காஃபில் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போகும் பிள்ளையின் முதுகு ஜோதிமணியின் கண்ணில் வந்து நின்றது.

"இல்லடா."

"அப்ப வேண்டாம் மேடம்" என்றாள் மேனுஜா. கையை நீட்டி, அவளுக்காக லிப்ட் பட்டனை அழுத்தினாள்.