தெரியாது என்ற டாக்டர்

காஞ்சனாவின் தலைவலிக்கு ஒன்றரை வருஷமாக மாத்திரை கொடுத்துவந்தவர் அவள் கணவனின் அண்ணன் வேதாசலம். திருத்தணியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்து, அவர் செத்ததும் ஸ்டெதஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்ட ஆள். கூடவே படிப்பையும் தூக்கி வந்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. இருபத்தேழு வயதுக்காரிக்கு ரத்த அழுத்தம் ஏன் இருநூறைத் தாண்டுகிறது என்ற கேள்வி அந்த மண்டையில் ஒருநாளும் எழவில்லை.

"டைப்படிக்கிற வேலைய உட்டா எல்லாம் சரியாப் பூடும்" என்பார்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பான் கணவன் பரந்தாமன். அவனுக்கென்று சொந்தமாக ஒரு கருத்து இருந்து காஞ்சனா பார்த்ததில்லை.

எண்பத்துநாலாம் வருஷம், ஆடிக்கிருத்திகைக்கு அடுத்த வாரம், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்குத் தாளில் இருந்த எழுத்து தெரியாமல் போயிற்று. உடன் வேலை பார்த்த வள்ளிநாயகிதான் அவளை ரயிலேற்றி மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ரத்தக்குழாயில் மருந்து ஏற்றிப் படமெடுத்தார்கள். இடது சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓரிடத்தில் நூலாகச் சுருங்கியிருந்தது. ரத்த அழுத்தம் ஏறியது அதனால்தான், கண்ணைக் கெடுத்தது அந்த அழுத்தம்.

மறுநாள் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். டாக்டர் ராஜகோபால் அறையில் எதிரே இருந்தது ஒரே நாற்காலி. வேதாசலம் அதில் உட்கார்ந்துகொண்டார். நோயாளி நின்றாள்.

"மூணு வழி இருக்கு" என்றார் டாக்டர், நின்றவளைப் பார்த்து. "மாத்திரையிலயே ஓட்டலாம். பிரஷர் இறங்கும், ஆனா ரத்தம் பத்தாம கிட்னி சுருங்கிட்டே போகலாம். ரெண்டாவது, வயித்தத் திறந்து, அடைப்பைச் சுத்தி மாத்துக்குழாய் வெச்சுத் தைக்கிறது. பெரிய ஆபரேஷன், நின்னா பல வருஷம் நிக்கும். மூணாவது புதுசு. தொடை வழியா கம்பி விட்டு, நுனியில இருக்கிற பலூனை ஊதிக் குழாயை விரிக்கிறது. மறுபடி சுருங்கவும் சுருங்கலாம்."

"எது பெஸ்ட்டு, அத்தச் சொல்லுங்க" என்றார் வேதாசலம்.

"தெரியாது. மூணையும் பக்கத்துல வெச்சு ஒழுங்காச் சோதிச்சுப் பார்த்தவங்க இன்னும் யாரும் இல்ல. இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு பலூன் நல்லா கேக்குது. இதுவரைக்கும் நாங்க பார்த்தது அவ்வளவுதான்."

வராந்தாவுக்கு வந்ததும் வேதாசலம் சிரித்தார். "தெரியாதுன்றான் பாரு! இவன்லாம் ஒரு டாக்டரு. பரந்தாமா, டிஸ்சார்ஜ் வாங்கு. நம்ம மாத்திரையே போதும்."

காஞ்சனா அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்த வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் ஒருமுறை வந்திருந்தால், தன் கண் தப்பியிருக்கும். தனக்கு எவ்வளவு தெரியும், எங்கே தெரியாமல் போகிறது என்று எல்லை போட்டுச் சொன்ன முதல் ஆண்பிள்ளை அந்த டாக்டர்தான். அவள் திரும்பி உள்ளே போனாள்.

"பலூன்ல சரியாவலன்னா, அப்புறம் ஆபரேஷன் பண்ண முடியுமா சார்?"

"பெரும்பாலும் முடியும்மா."

"அப்ப பலூனே பண்ணுங்க."

சம்மதத் தாளில் கணவனும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பரந்தாமன் பேனாவைப் பிடித்துக்கொண்டு அண்ணனையே பார்த்தான்.

"அவர இன்னாத்துக்குப் பாக்குற? கிட்னி என்னுது. போடு."

போட்டான். அது தைரியமில்லை, எப்போதும்போல, கடைசியாகச் சொன்னவர் பேச்சைக் கேட்டான், அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் மேஜைமேல் விழித்தபடியே கிடந்தாள். பலூன் விரிந்தபோது முதுகுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் வலித்தது. நாலாம் நாள் அழுத்தம் நூற்று நாற்பதுக்கு இறங்கியது. தினம் நாலாக இருந்த மாத்திரை ஒன்றாயிற்று. பார்வை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. வலது கண்ணின் ஓரத்தில் ஒரு சாம்பல் திட்டு நின்றுவிட்டது.

தை மாதம் வீட்டுக்கு வந்த உறவினர்களிடம் வேதாசலம் விளக்கிக்கொண்டிருந்தார். "நான்தான் டாக்டர்கிட்ட அடிச்சுச் சொன்னேன், பலூனே போடுன்னு." பரந்தாமன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினான்.

மறுத்துப் பேச வாயெடுத்த காஞ்சனா, யாரிடம் போய்ப் பேசுவது என்று விட்டுவிட்டாள். அன்று மெட்ராஸில் செக்கப். துணைக்கு வரவா என்று பரந்தாமன் எழுந்தான்.

"வாணாம்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.