மிச்சமான தண்ணீர்

அனுசியா போடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள். பேய், பிசாசு என்றால் சிரித்துவிட்டுப் போகிற ஆள்தான். இந்தத் தடவை சிரிக்க முடியவில்லை, பேய் என்று ஏலக்காய் எஸ்டேட் ஆட்கள் சொன்னது, அங்கே வேலை பார்த்துச் செத்துப்போன அவள் புருஷன் மகாராஜனை.

ஆடி மழையில் தொப்பலாக நனைந்தவன், குளிர் தாங்காமல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். மலையில் எல்லாரும் செய்கிற காரியம்தான். அடுப்புப் புகை அவனை எழுந்திருக்க விடவில்லை. அன்றிலிருந்து அடுப்பே மூட்டாத அந்த அறையின் சுவர்களில் விடிந்தால் தண்ணீர் வழிந்தது. மகாராஜன் அழுகிறான் என்று வேலையாட்கள் உள்ளே போக மறுத்தார்கள். எஸ்டேட்காரர் ஆதித்தன் தேவாரம் ஊர்ப் பூசாரிக்குச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவனை மரத்தில் ஆணி அடித்துக் கட்டுவார்களாம்.

உயிரோடு இருக்கும்போது ஒரு முள் குத்தினால் தாங்கமாட்டான். அனுசியா சனிக்கிழமை காலை புறப்பட்ட முதல் ஜீப்பிலேயே மலையேறி, ஸ்டோரை டேப் பிடித்து அளந்தாள். நாற்பத்தெட்டு கன மீட்டர். பகலில் இருபத்தைந்து டிகிரி, விடியலில் பதினைந்து. இரண்டுக்கும் நீரின் ஆவியழுத்தம் அவளுக்கு மனப்பாடம். அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கி, வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் வகுத்தாள். காற்று எவ்வளவுதான் ஈரத்தைக் குடித்திருந்தாலும், குளிர்ந்ததும் அரை லிட்டருக்கு மேல் வடிய வழியில்லை.

உள்ளே போகாமல், தண்ணீர் வெளியே வடியும் துளையடியில் வேலையாட்கள் ராத்திரி வைத்திருந்த சட்டியில் இரண்டு லிட்டர் கிடந்தது.

பூட்டிய அறைக்குள் மிச்சத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அவளுக்குப் பயம்தான், ஆனால் பயத்துக்கும் அடியில் வெட்கமில்லாத ஒரு சந்தோஷம். அவன் இங்கேதான் இருக்கிறானோ?

உயரத்தைத் தப்பாக அளந்திருப்போம் என்று மத்தியானம் மறுபடி போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளே மாமியார் செல்லத்தாய், சொட்டச் சொட்ட மகாராஜனின் சட்டை, வேட்டிகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டோர் சாவி எப்போதும் அவளிடம்தான் இருக்கும்; காலையில் அனுசியா வாங்கியதும் அவளிடம்தான்.

"அத்தே, என்ன இது?"

"அன்னிக்கு வீட்ல காஞ்ச துணி ஒண்ணுகூட இல்ல ஆத்தா. இருந்திருந்தா இங்கிட்டு வந்து படுத்திருக்க மாட்டான். அதான் தெனமும் அலசிக் காயப்போடுறேன். ராத்திரி பூரா கெடக்கும், விடிஞ்சு ஆளுக வர்றதுக்குள்ள வெரசா எடுத்துருவேன்."

அனுசியா வேட்டியின் மறுமுனையைப் பிடித்து உதறினாள்.

சாயங்காலம் ஸ்டோர் வாசலில் ஆதித்தன் கேட்டார்: "கணக்கு என்ன சொல்லுது டீச்சர்?"

"சரியா வந்துருச்சுண்ணே. காத்துல இருந்த ஈரம்தான். பூசாரி வேணாம். அடுப்ப மூட்டுங்க, காஞ்சுரும்."

ஆதித்தனுக்கு நிம்மதி. போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அனுசியா ஸ்டோரின் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கணக்குக்கு அடங்காத அந்த ஒன்றரை லிட்டர் தண்ணீர் இருந்தவரைக்கும் அவளுக்குப் புருஷன் இருந்தான். இப்போது இல்லை.