வாலில் கட்டிய தாயத்து

விமானம் விழுந்து பத்து நிமிஷம் இருக்கும். எனக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் ரிமோட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு கிலோகூட இல்லாத தெர்மாகோல் விமானம். மேலேயிருந்து பயிரைப் படமெடுப்பதற்காக ஆறு மாதம் உட்கார்ந்து நான் செய்தது. ஐந்து நிமிஷம் பறந்து ஒழுங்காக இறங்கினால் வேலை உறுதி என்று பெங்களூர் கம்பெனியிலிருந்து வந்த சுரேஷ்குமார் சொல்லியிருந்தார். கீழ்பென்னாத்தூரில் எங்கள் ஊர் ஏரி வறண்டு கிடந்தது. அங்கேயே பறக்கவிட்டோம்.

கிளம்பும் நேரத்தில் அம்மா வந்து, ஈயத் தாயத்து ஒன்றை வாலில் கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

"வாலுல வெயிட் ஜாஸ்தியானா ஆவாதும்மா."

"நம்ம டிராக்டருக்கும் பின்னாடிதான கட்டிக்கீறோம்? கண்ணு பின்னாலேர்ந்துதான்டி படும்."

முந்தின நாள் அதை மடியில் வைத்துக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் மலை சுற்றி வந்திருந்தாள். வெறுங்கால், குதிகாலெல்லாம் கொப்புளம். அவிழ்க்க மனசு வரவில்லை. சமாளித்துவிடலாம் என்ற திமிரும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மேலே போனதுமே மூக்கு தூக்கியது. ரிமோட்டிலிருந்த ட்ரிம் பட்டனைத் தட்டித் தட்டி, மூக்கைத் தாழ்த்த வாலிலுள்ள அசையும் மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். விமானம் நேராகப் போனது.

"சூப்பர் வினோதினி!" என்றார் சுரேஷ்குமார்.

ட்ரிம் மூக்கை நேராக வைக்கும், அவ்வளவுதான். காற்று தள்ளினால் விமானம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் எடை முன்பக்கம் இருக்க வேண்டும். இங்கே எடை வாலில் தொங்கியது.

மூன்றாவது நிமிஷம் மலைப் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. மூக்கு தூக்கியது, தூக்கிக்கொண்டே போனது. ரிமோட்டின் குச்சியை முன்னால் அழுத்தினேன், தலைகுப்புறக் கவிழ்ந்தது. பின்னால் இழுத்தேன், முன்னைவிட மோசமாகத் தூக்கியது. அப்புறம் தரை.

"என்னாச்சுங்க?"

"என் தப்புதான் சார்."

"அடுத்த வருஷம் பாக்கலாங்க" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

அம்மா அந்தச் சிதறலுக்குள் குனிந்து தேடினாள். வால் மட்டும் முழுசாகக் கிடந்தது. தாயத்தை அவிழ்த்து, முந்தானையில் துடைத்து, என் மணிக்கட்டில் கட்டினாள்.

"போனா போவுது வுடு. இது மட்டும் இல்லன்னா அது உன் மேலயே வுழுந்திருக்கும்."

"ஆமாம்மா" என்றேன். அது ஏன் விழுந்தது என்று இனி எந்தக் காலத்திலும் அவளிடம் வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.