டாக்டர் இல்லாத கரை

அந்த மூன்றாவது இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதே. முதலாவதை எடு, இரண்டாவதை எடு, வேண்டுமானால் இந்த வருடம் எங்கேயும் வேண்டாம் என்று கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படு. மூன்றாவது மட்டும் வேண்டாம்.

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கணவனின் இடது காலை மடியில் வைத்து, பாதத்தை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். கடைக்கு விடுமுறை நாள். மற்ற நாட்களில் இதைச் செய்ய ஒரு பெண் வருவாள். அவள் பிடித்தாலும் இவள் பிடித்தாலும் அந்தப் பாதத்துக்கு ஒன்றுதான்.

அவன் மடிக்கணினியை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு ஒரு கடற்கரையை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தான். திரையில் பாதி மண் நிறம், பாதி நீலம். இடையில் ஒரு மரம்கூட இல்லை. பாலைவனம் நேராக வந்து தண்ணீரில் இறங்கியிருந்தது.

"ஆறு எதுவும் வந்து கலக்காது. மழையும் கிடையாது. அதான் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. உன் கடைக் கண்ணாடி இல்ல, நிஜக் கண்ணாடி."

"என் கடைக் கண்ணாடி இல்லேன்னா நீங்க மீனையும் பார்த்திருக்க மாட்டீங்க, என்னையும் பார்த்திருக்க மாட்டீங்க."

அவன் சிரித்தான். அது உண்மைதான். முக்குளிக்கும் மாஸ்க்கில் பவர் லென்ஸ் ஒட்ட முடியுமா என்று கேட்டுக்கொண்டுதான் அவன் முதன்முதலில் அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தான். அப்போது அவனை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். நீச்சல் குளத்தில் வாரக் கடைசிகளில் சிலிண்டர் மாட்டி முக்குளிக்கும் ஸ்கூபா கற்றுக்கொடுப்பான், விடுமுறைகளில் மாணவர்களைக் கடலுக்கு அழைத்துப்போவான். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கும் கற்றுக்கொடுத்தான். அவள் சுமாரான மாணவிதான். தண்ணீருக்கடியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய கையைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்.

போன வருடம் ஒரே நாளில் அவன் ஒரு முறை அதிகமாக இறங்கினான். யாரையோ காப்பாற்றப் போய் இப்படி ஆனதாக அவனுடைய தங்கை ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். காப்பாற்ற அங்கே யாரும் இல்லை. ஆசை, அவ்வளவுதான். மேலே வந்து படகில் உட்கார்ந்து தேநீர் குடித்தான். எழுந்தபோது கால்கள் வரவில்லை. இரத்தத்தில் கிளம்பிய காற்றுக் குமிழ்கள் முதுகுத்தண்டில் போய்ச் சிக்கியிருந்தன. அழுத்த அறைக்குள் வைத்துச் சிகிச்சை செய்ததில் வலது கால் திரும்பி வந்தது. இடது கால் வரவில்லை. சிறுநீருக்குக் குழாய்தான், பையை மாற்ற அவள் பழகிக்கொண்டாள்.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மேலே மிதக்கலாம். ஸ்நார்கெல் குழாயை வாயில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கவிழ்ந்து கிடக்கலாம். சிலிண்டரை மாட்டிக்கொண்டு ஆழத்துக்கு மட்டும் இனிப் போகக் கூடாது. இன்னொரு குமிழ் சிக்கினால் மிச்சம் இருக்கிற காலும் போகும், ஆளும் போகலாம்.

"மூணு இடம் வடிகட்டியிருக்கேன்," என்றான். "முதல் இடம் இது. பெரிய ஹோட்டல், படகுத்துறை, பக்கத்துலயே ஆஸ்பத்திரி. வேணாம்."

"ஏன்? ஆஸ்பத்திரி இருந்தா நல்லதுதானே?"

"டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பான்."

அவள் கை அவன் குதிகாலில் நின்றது. இடம் தேடுகிறவர்கள் நல்ல சாப்பாடு கிடைக்குமா, குழந்தைகளுக்குப் பாதுகாப்பா, டாக்டர் கிட்டத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். இவன் டாக்டர் இருக்கும் இடங்களையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித் தேடி நீக்கிக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது நீ சொன்னது. குளம்."

அது குளம் இல்லை. பவளப்பாறை ஒரு வளையம் போல நின்று அலையைத் தடுக்க, உள்ளே மார்பளவு நீர் அசையாமல் கிடக்கும் இடம். மணலில் சக்கர நாற்காலி போகப் பலகைப் பாதை உண்டு. அவள்தான் கண்டுபிடித்தாள். மதியம் கடையில் கூட்டம் குறையும் நேரங்களில், லென்ஸ் விளிம்பு தேய்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று தேடியிருந்தாள்.

"அங்க ஆமை வருதாம். முகத்தைத் தண்ணியில வச்சாலே போதுமாம், மீனெல்லாம் கைக்கிட்ட வருதாம். நாம ரெண்டு பேரும் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மிதந்துக்கிட்டே இருக்கலாம். பாறைக்கு வெளியில போகவே வேண்டாம்." குரல் வேகமெடுப்பது அவளுக்கே கேட்டது. "வெளிச்சம் நல்லா விழுமாம். மேல இருந்தே கலர் எல்லாம் தெரியுமாம். ஆழத்துல கலர் மங்கிடும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"மாடியில நின்னு கல்யாணத்தை வேடிக்கை பார்க்கச் சொல்ற."

"அடம் பிடிக்காதீங்க. இப்படி ஒத்தக் கால்ல நின்னா நான் என்ன செய்யுறது?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவன் அவளைப் பார்த்தான்.

"வேற கால் எங்க இருக்கு நிக்கிறதுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் அவன் மூன்றாவது இடத்தைத் திறந்தான்.

ஜல்லிப் பாதை முடிகிற இடத்தில் ஒரு சிறு வளைவு. இரண்டு தகரக் கொட்டகைகள். ஒன்றில் சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் இயந்திரம். படகு கிடையாது, கரையிலிருந்தே இறங்க வேண்டும். சில அடி நடந்தால் தரை சட்டென்று முடிந்து, பாறைச் சுவர் கீழே கீழே போய் இருட்டாகிவிடும். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம், அரை நாள் பயணம்.

"ஒரே ஒரு தடவை," என்றான். "நீ ஜோடியா வந்தா போதும். ஜோடி இல்லாம எவனும் சிலிண்டர் தர மாட்டான். பழைய பசங்க எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தனும் வரல. மாஸ்டராம் மாஸ்டர்."

"எனக்கு என்ன தெரியும்? உங்களுக்கு உள்ளே ஏதாவது ஆச்சுன்னா என்னால மேல தூக்கிட்டு வர முடியுமா?"

"ஆகாது."

வாசல் மணி அடித்தது. அவனுடைய தங்கை. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். லிப்ட் வேலை செய்யவில்லை, அவள் மாமியாருக்குக் காது கேட்கவில்லை, கேட்கிற நேரத்தில் தேவையில்லாததெல்லாம் கேட்கிறது. பிறகு, தேநீர் போடப் போன அண்ணியின் பின்னாலேயே, குரலைத் தாழ்த்திக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள்.

"அண்ணி, அந்த மூணாவது இடம் பார்த்தீங்களா?"

"உனக்கும் காட்டியாச்சா?"

"அவன் கடைசியா எப்ப இவ்வளவு பேசினான், சொல்லுங்க? ஷேவ் பண்ணியிருக்கான் அண்ணி. நான் சொல்லாம, நீங்க சொல்லாம."

அவள் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தாள். ஷேவ் செய்திருந்ததை அவளும் காலையிலேயே பார்த்திருந்தாள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் சவரக் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்னு தெரியும்ல?"

"தெரியும். ஆனா இந்த ரூம்ல அவன் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டிருக்கான், அது டாக்டருக்குத் தெரியுமா? அங்க போய் என்னவோ ஆகட்டுமே. சந்தோஷமா இருந்துட்டாவது..." ரேடியோ நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. அழுகை வந்தால் அவளுக்குக் கோபமும் கூடவே வரும். "ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. அவன் இப்படியே படுத்திருந்தா உங்களுக்கு வசதி. எங்கேயும் ஓட மாட்டான் பாருங்க."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். வசதியா? ரேடியோவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன வாரம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது இடத்தை முந்தின நாள்தான் அவன் காட்டியிருந்தான். அந்தக் கொட்டகை, அந்த வளைவு, பாறைச் சுவர் எல்லாம் கற்பனையில் ஓடின. பிறகு விமான நிலையம். அவள் ஒரு பெட்டியோடு தனியாக வெளியே வருகிறாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கிறாள். உள்ளே மருந்து வாசனை இல்லை. கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருக்கிறது. யாருக்கும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த இடத்தில் அவளுடைய தோள்கள் இறங்கின. கற்பனையில் இல்லை, நிஜத் தோள்கள், பேருந்தில். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு முழு மூச்சு வந்தது. தினமும் கூட வரும் பக்கத்து இருக்கை அம்மாள், தூங்கிவிட்டாளோ என்று நினைத்து, அவள் இறங்கும் நிறுத்தத்தைச் சொல்லி எழுப்பினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அவனைப் பற்றி இருந்த பயத்தைவிடத் தன் மேல் பயம் அதிகமாகியிருந்தது. வேண்டாம் என்றால் அவனை இந்த அறையிலேயே பூட்டிவைக்கிறாள். சரி என்றால் எதற்காகச் சரி என்கிறாள்? அவனுடைய ஆசைக்காகவா, தன்னுடைய அந்த ஒரு மூச்சுக்காகவா? எவ்வளவு துருவிப் பார்த்தும் பிரிக்க முடியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அதுவா என்று கேட்பாள். கொஞ்ச நேரம் போனால் எல்லோரும் இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறது என்பார்கள்.

"இங்க வா," என்று அவன் கூப்பிட்டான்.

போனாள். ரேடியோ பின்னாலேயே வந்து கதவருகில் நின்றாள். அவன் மடிக்கணினியை மூடி ஓரமாக வைத்திருந்தான்.

"உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மேல மிதந்தா இந்தக் கால் கயிறு மாதிரி பின்னாடி இழுத்துக்கிட்டு வரும். எனக்கு அது தெரியும். கீழ போனா அப்படி இல்ல. கீழ யாருமே நடக்கிறதில்லையே. எடையே இருக்காது. கொஞ்ச நேரம் நான் எல்லாரையும் போல இருப்பேன்." அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் கை சூடாக இருந்தது. "கெஞ்ச வைக்காத."

அவளுக்குள் ஏதோ சாய்ந்தது. சரி என்ற சொல் தொண்டை வரை வந்தது. அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைக் கவனித்து உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

அப்போது அவனுடைய போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அவங்கதான். அந்தக் கொட்டகைக்காரம்மா, நம்ம தமிழ்க்காரங்க. காலையில பேசினேன்." ஸ்பீக்கரில் போட்டான்.

காற்று இரைச்சலுக்கு நடுவே வயதான, கரகரப்பான பெண் குரல். இடம் காலியாக இருக்கிறது, சிலிண்டர் இருக்கிறது, அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். காகிதம் எதுவும் வேண்டாம்.

"பார்த்தியா?" என்று அவன் வாயசைத்தான்.

"ஆனா ஒண்ணு," என்றது அந்தக் குரல். "யார் வந்தாலும் நான் முன்னாடியே விசாரிச்சுடுவேன். இறங்குறவங்களைக் கேக்க மாட்டேன். தண்ணியில இறங்கணும்னு ஆசை வந்துட்டா எல்லாரும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவாங்க, நானே சொல்லியிருக்கேன். கூட இறங்குற ஜோடிகிட்ட கொடுங்க போனை."

அவன் போனை உள்ளங்கையால் பொத்தினான்.

"ஆள் நல்லா இருக்காருன்னு சொல்லிடு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"சொல்லிடுங்க அண்ணி," என்றாள் ரேடியோ.

அவன் போனை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க," என்றாள்.

"நீங்கதான் அவரோட ஜோடியாம்மா?"

"ஆமா. அவர் சம்சாரம்."

"சம்சாரமா இருங்க, அக்காவா இருங்க, எனக்கு அது வேணாம். ஒரே ஒரு கேள்விதான். அவரை நம்பி நீங்க கீழ போவீங்களா? உங்களை நம்பி அவர் வரலாமா?"

இரண்டு கேள்விகளும் அவள் காதில் விழுந்தன. முதலாவதுக்குப் பதில் அவளிடம் இருந்தது. அவனை நம்பி எங்கேயும் போவாள், எப்போதும் போயிருக்கிறாள். இரண்டாவது கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷேவ் செய்த கன்னத்தில் ஓர் இடத்தில் சின்னக் கீறல் இருந்தது.

"இல்லைங்க," என்றாள்.

"என்னம்மா? காத்துல கேக்கல."

"நான் இறங்க மாட்டேங்க. அவருக்கு ஜோடி இல்ல."

"சரிம்மா," என்றது குரல். எந்த ஆச்சரியமும் இல்லை அதில். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ரேடியோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவன் கத்துவான் என்று இவள் எதிர்பார்த்தாள். கத்தவில்லை. சின்னக் குழந்தைக்குப் பாடம் சொல்வது போல, பொறுமையாக, நீச்சல் குளத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே குரலில் சொன்னான்.

"பரவாயில்ல. பதட்டத்துல சொல்லிட்ட. திரும்பக் கூப்பிடு. சும்மா சொன்னேன்னு சொல்லு."

அவள் போனை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

"கூப்பிட மாட்டேங்க."