மடி உதறிய விழா

மேற்கே போடிமெட்டின் முகடுகள் பகலெல்லாம் சுமந்து நின்ற முகிலைச் சரிவுகளின்மேல் மெல்ல இறக்கிவைக்க, ஏலத் தோட்டங்களுக்குள் பச்சை இருளாகவும் அதற்குக் கீழே மாந்தோப்புகளுக்குள் சாம்பல் இருளாகவும் இறங்கிவந்த அந்தி, அடிவாரத்துப் போடிநாயக்கனூரை அடைந்தபோது கடைத்தெரு விளக்குகளைக் கண்டு சற்றே தயங்கி நின்றது. கிடங்குகளின் கதவிடுக்கில் கசிந்த ஏலத்தின் மணம், தெருவிற் போவோர் எவரையும் கேளாமல் அவர்தம் ஆடையில் ஏறிக்கொண்டது. கற்றறிந்தவரே, இத்துணை அழகிய ஒரு சனிக்கிழமை மாலைப்பொழுதை நான்கு சுவருக்குள் அடைத்து, அதன்மேல் பொன்னாடைக்குமேல் பொன்னாடையாகப் போர்த்தி மூச்சுமுட்ட வைக்கும் ஆற்றல் மாந்தருள் ஒரு கூட்டத்தாருக்கே உண்டு. அவர்கள் அறப்பணிக் கழகத்தார்.

ஏல வணிகரும் தோட்ட உடைமையாளருமாகிய உறுப்பினர்கள் திருமண மண்டபத்தை நிறைத்திருந்த அக்கழகத்தின் ஆண்டு விருது விழாவில், மேடையின் ஓரத்தில், நின்று நின்று கால் கடுத்தவளாய் நின்றிருந்தாள் முத்துப்பிரியா. அவள் அரசுப் பள்ளியொன்றின் தமிழாசிரியை. கழகத்தின் இளைஞர் பிரிவுச் செயலாளர். மலைச்சரிவுத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து பள்ளிக்கு இறங்கிவரும் பிள்ளைகளை ஏற்றிவந்த, ஊரார் ஜீப்பு என்றழைக்கும் ஊர்தி, கட்டுப்படியாகவில்லை என்று சென்ற திங்களோடு நின்றுபோயிருந்தது. மீண்டும் ஓர் ஊர்தி அமர்த்துவதற்குப் பொருள் திரட்டவேண்டும் என்பதொன்றே அவள் இவ்விழாவைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம். பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்றுவரும் கற்பகத்தின் தந்தை கன்னையன், சென்ற கிழமையே அவளிடம் முடிவாகச் சொல்லிவிட்டான்.

"இந்தச் சனிக்கிழமைக்குள்ள ஜீப்புக்கு ஒரு வழி பண்ணுங்க டீச்சர். இல்லாட்டித் திங்கக்கிழமையிலருந்து அவ ஆத்தாகூடக் காய் பறிக்கப் போயிருவா. யானை நடமாடுற காட்டுல, இந்த மழைக்குள்ள, பிள்ளைய ஒத்தையில நடக்கவிட எனக்குத் தெம்பு இல்ல."

அவன்மீது அவளுக்குச் சினம் எழவில்லை. சினமெல்லாம் மேடைமேல் நடந்தவற்றின்மீதே எழுந்தது. தலைவர் சீனிச்சாமியின் மைத்துனருக்கு 'சேவைச் செம்மல்' விருது; படம்பிடிப்பவர் போகும்வரை நடந்த நீர்மோர்ப் பந்தலொன்றுக்காக. உறுப்பினர் ஒருவரின் மகனுக்கு 'இளைஞர் சுடர்' விருது. ஆடு தின்றுபோன மரக்கன்று ஒன்றுக்காக. பொன்னாடை பெற்றவர் போர்த்தியவருக்குத் திருப்பிப் போர்த்த, அவர் அடுத்தவருக்குப் போர்த்த, விளிம்பில் எண்ணெய்க்கறை படிந்த நீலப் பொன்னாடையொன்று மூன்றாம் முறையாக மேடையேறுவதைக் கண்டு முத்துப்பிரியா பல்லைக் கடித்தாள். பேச்சுப் போட்டியில் வென்ற கற்பகத்திற்கோ, எவர் பேச்சுக்கும் இடையூறு நேராவண்ணம், ஓர் எவர்சில்வர் தட்டு விரைந்து வழங்கப்பட்டது.

ஒருவழியாக அவள் காத்திருந்த வேளை வந்தது. பிள்ளைகளின் தாய்மார் தம் கூலியில் ஆளுக்குக் கொஞ்சமாகக் காய் வாங்கி, பருத்ததும் பச்சை மாறாததுமாகப் பொறுக்கி, விரல் நோகக் கோத்துச் சரிகை சுற்றித் தந்த ஏலக்காய் மாலை, தாம்பாளத்தில் கொண்டுவந்து வைக்கப்பட்டது. கண்ணுள்ளவர் எவரும் கைதட்டியிருப்பர். சிலர் தட்டவும் செய்தனர்.

"மலைப்பிள்ளைக ஜீப்புக்காக இந்த மாலைய ஏலம் விடுறோம்," என்றார் சீனிச்சாமி. "மாலைய எல்லாருக்கும் ஒரு சுத்துக் காட்டிருங்கப்பா!"

பிழை அங்கேதான் நேர்ந்தது. விலையை இன்று கணினித் திரையில் ஏற்றி இறக்கினாலும், காயை உடைத்து, முகர்ந்து, மென்று பாராமல் விலைக்கு வாய்திறப்பது அவ்வூர் வணிகர்க்கு ஆகாத செயல். மாலை முன்வரிசையில் இறங்கிய கணமே கைகள் தம் தொழிலைத் தொடங்கிவிட்டன. ஒருவர் ஒரு காயைப் பிடுங்கி நகத்தால் பிளந்தார்; அடுத்தவர் இரண்டு பிடுங்கி, ஒன்றை மென்று, ஒன்றைச் சட்டைப்பைக்குள் இட்டார். மாலை வரிசை வரிசையாகச் சென்றது. வழியெல்லாம் தொலி உதிர்ந்தது.

"பச்சை நல்லாத்தான் இருக்கு. ஈரம் இன்னும் போகலையே," என்றார், ஊரிலேயே பெரிய கிடங்குக்கு உடையவரான லிங்கேஸ்வரன்.

"எட்டு மில்லிக் காயின்னாக. ஏழுதாண்ணே தேறும்," என்றார் அருகிருந்த வணிகர் தங்கபாண்டி, காயின் பருமனை விரலிடுக்கில் அளந்து, வாயில் விதையை உருட்டிக்கொண்டே.

முத்துப்பிரியா மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். "அண்ணே, இது தர்மத்துக்கு விடுற மாலை. சரக்கு இல்ல. பிச்சு எடுக்காதீக!"

"தர்மமா இருந்தாலும் காய் காய்தான ஆத்தா?" என்றார் லிங்கேஸ்வரன், உண்மையாகவே வியந்தவராய்.

அவளால் கையைப் பிடித்திழுக்க முடிந்தது ஒரு வரிசையில்தான். மற்ற வரிசைகளில் மாலை அவளுக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. மண்டபத்தைச் சுற்றி அது தாம்பாளத்திற்குத் திரும்பியபோது, பொக்கை வாயைப் போல் இடையிடையே வெறும் நூல் தெரிந்தது. விலை கேட்கப்பட்டது. எவரும் வாய்திறக்கவில்லை. இறுதியில் லிங்கேஸ்வரன், கோத்த நூலுக்கும் சரிகைக்கும்கூடக் காணாத ஒரு தொகையைச் சொன்னார்.

"பாதிக் காயக் காணமே!" என்றார் அவர், குறைபட்ட குரலில். "இதுக்கு மேல எப்படிக் கேக்குறது?"

"சரி சரி, வெரசா முடிப்போம். பந்தியில சாப்பாடு ஆறுது," என்றார் சீனிச்சாமி.

அவையோர் எழுந்து உணவுக்கூடத்தை நோக்கி நகர, பின்வரிசையில் கன்னையனும் எழுந்தான். அவன் முகத்தில் சினமில்லை. இப்படித்தான் ஆகும் என்று முன்பே அறிந்தவனின் களைப்பே இருந்தது. மகளின் தோளைத் தொட்டு, "வா தாயி, போவம். மெயின் ரோட்டோட போற கடைசி வண்டி போயிரும்," என்றான். கற்பகம் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஆசிரியையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை முத்துப்பிரியாவால் தாங்க முடியவில்லை; முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிய இடத்தில், கற்பகத்தின் தாய் பெரியம்மாள் தரையில் குனிந்து, நாற்காலிகளுக்கிடையே கிடந்த ஏலத்தொலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா இதைப் பொறுக்குறீக? கூட்டுறதுக்கு ஆள் இருக்கு."

"கெடந்தா யாரு தின்னதும்பாக டீச்சர்," என்றாள் பெரியம்மாள், நிமிராமலே. "தோட்டத்துல சோலி முடிஞ்சு கெளம்பையில வாசல்ல நிறுத்தி எங்க மடியத்தான உதறச் சொல்லுவாக? இங்கயும் நாங்க தின்னதுன்னு ஆயிரக்கூடாதுல்ல." சொல்லிவிட்டு, எவரும் கேளாதபோதே, மடியை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே தொலியன்றி ஒரு காயும் இல்லை.

முத்துப்பிரியா மாலைப்பொழுதெல்லாம் அடக்கிவைத்திருந்த எரிச்சல் அத்தனையும் அந்த விரித்த மடியைக் கண்டதும் வேறொன்றாக மாறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், உணவுக்கூடத்தின் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"எல்லாரும் மடிய உதறிட்டுச் சாப்பிடப் போங்க."

"என்னம்மா இது?" என்று சீறினார் சீனிச்சாமி. "பெரிய மனுசங்கள வாசல்ல நிக்கவச்சு…"

"தெனமும் பொம்பளையாளுகள நிக்கவைக்கிறதும் நம்ம கழகத்துக்காரவுக தோட்டந்தாண்ணே. அங்க செல்லுற வழக்கம் இங்கயும் செல்லட்டும்."

கதவுக்கு அப்பால் இலைபோடும் ஓசை மட்டும் கேட்டது. சிலர் தரையைப் பார்த்தனர். சிலர் வேறு வாயில் உண்டோ என்று தேடினர். லிங்கேஸ்வரன் பெரியம்மாளின் அவிழ்ந்த மடியைத் திரும்பிப் பார்த்தார். பின்பு தம் சட்டைப்பையை வெளியே இழுத்து உதறினார். பச்சைக் காய்கள் தரையில் விழுந்து உருண்டன. "பழக்கதோசம் ஆத்தா," என்று சிரிக்க முயன்றார். உடன் சிரிப்பார் இல்லை. அவருக்குப் பின் தங்கபாண்டி உதறினார். அவருக்குப் பின் ஒவ்வொருவராக.

விழுந்த காய்களை மிதியாமல் சுற்றி நடந்து, லிங்கேஸ்வரன் நேரே கன்னையனிடம் சென்றார்.

"எங்கிட்ட ஒரு ஜீப்பு சும்மா கெடக்கு. ஓட்ட ஆளும் இருக்கு. பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம் வரும். டீசலுக்கு இந்தா, காயத் தின்னவுக எல்லாரும் பொறுப்பு. பிள்ளைய நிறுத்திராதப்பா."

கன்னையன் மனைவியைப் பார்த்தான், ஆசிரியையைப் பார்த்தான். "திங்கக்கிழமை வரட்டும். வந்தா ஏத்திவிடுறேன்," என்றான். பெரிய மனிதர் சொல்லை அவன் அதற்குமுன்பும் கேட்டிருந்தான்.

அதற்குள் சீனிச்சாமிக்கு உயிர் வந்துவிட்டது. "லிங்கேஸ்வரண்ணனுக்குப் பொன்னாடை கொண்டாப்பா!" என்று கூவினார். நீலப் பொன்னாடை நான்காம் முறையாக விரிவதைக் காணப் பொறாமல், முத்துப்பிரியா வெளியேறித் தெருவில் போய் நின்றாள்.

திங்கட்கிழமை காலை மணி அடித்தும் ஊர்தி வரவில்லை. வராததன் காரணத்தை எண்ணியபோது அவளுக்கு முதலில் ஒன்று தோன்றியது: அடிவாரத்தில் கொட்டு முழங்க, பச்சைக் கொடியைக் கையிற் பிடித்தபடி சீனிச்சாமி பேசிக்கொண்டிருப்பார். அதுவல்லவாயின், பெரிய மனிதர் சொல் காற்றோடு போகும் என்று கன்னையன் எண்ணியதே மெய்யாகியிருக்கும். பெயர் கூப்பிடும்போது வகுப்பில் இல்லாதவர் வராதவரே என்பது அவள் வகுத்த கண்டிப்பு. அன்று அவள் பெயர் கூப்பிடாமல் கரும்பலகையைத் துடைத்தாள். துடைத்ததையே மீண்டும் துடைத்தாள். எழுதுகோலைத் தேடினாள், அது கையிலேயே இருந்தது. மாணவியர் தம்முள் பார்த்துக்கொண்டனர்.

அப்போது வாயிலில் ஓர் உறுமல் கேட்டது. முன்கண்ணாடியில் பாதியை மறைத்துக் கட்டிய பதாகையில் சீனிச்சாமி கைகூப்பிச் சிரித்திருக்க, ஊர்தியிலிருந்து பிள்ளைகள் குதித்தனர். எவரோ இட்டுவிட்ட சந்தனம் நெற்றியில் வழிய, மூச்சிரைக்க ஓடிவந்து தன் இடத்தில் அமர்ந்தாள் கற்பகம்.

கற்றறிந்தவரே, நன்மை இவ்வுலகில் தனியே நடந்துவரக் கற்கவில்லை. வேண்டாத கூட்டத்தை உடனழைத்துக்கொண்டு, தன் பெருமையைத் தானே பறைசாற்றிக்கொண்டு, பிந்தித்தான் வருகிறது. அதைக் கண்டு நாம் சலித்துக்கொள்ளலாம், சலிப்பதற்கு நமக்கு உரிமையுண்டு. ஆயினும் அது வந்துசேரும்வரை காத்திருப்பார் ஒருவரேனும் வேண்டும். முத்துப்பிரியா பதிவேட்டைத் திறந்தாள்.

"கற்பகம்."

"உள்ளேன் அம்மா."