சூட்டியின் முன்னங்கால்

மஹய்யாவ ஊரில் ரத்தினம்மாவிடம் மட்டும் யாரும் மருந்து கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவாள், அதுதான் தொல்லை! இருமலுக்கு ஒன்று, வயிற்றுவலிக்கு ஒன்று என்று அவளுடைய கை வைத்தியம் தெருவுக்கே தெரியும். அப்பேர்ப்பட்டவள் வளர்க்கிற நாய்க்குட்டி கால் வீங்கி நொண்டினால் சும்மா இருப்பாளா?

எண்பத்திமூன்றாம் வருஷம், தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்த கலவரம் ஓய்ந்து ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். சூட்டி முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நக்கிக்கொண்டே கிடந்தது. எரிந்த கடைகளின் கண்ணாடித் துண்டுகள் இன்னும் ரோட்டோரம் கிடந்தன. அதுதான் குத்தியிருக்கும் என்று முடிவு கட்டினாள். விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா, முள் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்தாள். ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை முக்கி வைத்தாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். நக்கவிடாமல் ஒரு பழைய வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினாள்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சிட்டியே!" என்று சிரித்தான் முனிசிபல் வேலை முடிந்து வந்த அவள் புருஷன் பழனியாண்டி.

வீக்கம் கொஞ்சமும் வடியவில்லை. ஒருநாள் காலைக் கழுவும்போது பாதத்துக்கு மேலே இருந்த மயிரை விலக்கினாள். வளையம் போட்ட மாதிரி ஒரு பள்ளம். பள்ளத்துக்குள்ளே கறுத்துப்போன நூல். அந்த நூலைக் கட்டியதே அவள்தான்.

கும்பல் வந்த அன்று புருஷனும் பெண்சாதியும் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாள் சோமாவதி நோனாவின் அறையில் ஒளிந்திருந்தார்கள். ஓடின ஓட்டத்தில் குட்டியை மறந்துபோனார்கள். திரும்பி வந்து பார்த்தால் கதவு உடைந்து கிடக்கிறது, அலுமாரி சாய்ந்து கிடக்கிறது, அதற்கடியில் சூட்டி உயிரோடு முனகுகிறது! பிறகு பௌத்தக் கோயிலான பன்சலையில் பிக்குமார் காவலுக்காகப் பிரித் மந்திரம் ஓதியபோது சோமாவதி ஓதிய நூல் கொண்டுவந்தாள். "கையில கட்டிக்கங்க. இதப் பாத்தா எங்க ஆளுன்னு நெனச்சிக்குவாங்க, பஸ்ஸில போறப்ப ஒருத்தரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க" என்றாள். இருவரும் கட்டிக்கொண்டு மிஞ்சிய நூலை ரத்தினம்மா குட்டியின் காலில் கட்டினாள். விட்டுவிட்டு ஓடின பாவம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. இதுக்கும் ஒரு காவல் இருக்கட்டும் என்று நினைத்தாள். கடித்து அவிழ்த்துவிடக் கூடாதே என்று இறுக்கி, முடிச்சுக்குமேல் முடிச்சுப் போட்டாள். குட்டி வளர்ந்தது, மயிர் மூடியது, அவளும் மறந்துபோனாள்.

கத்தரிக்கோலை நுழைக்கப் பார்த்தாள். நூலின்மேல் சதை ஏறியிருந்தது. சூட்டி போட்ட கூச்சலில் கத்தரிக்கோல் கை நழுவி விழுந்தது.

"கட்டுகஸ்தோட்டை ரோட்டுல நாய் டாக்டர் இருக்காரே, தூக்கிட்டுப் போவோம்" என்றான் பழனியாண்டி.

"சத்தம் போடாதீங்க! அவரு சிங்கள ஆளு. ஒரு தமிழச்சி பிரித் நூல நாய் கால்ல கட்டிட்டாளாம்னு வெளிய தெரிஞ்சா என்னாகும்? இப்பத்தான் கதவு போட்டிருக்கோம்."

"சோமாவதி நோனாகிட்டயாவது சொல்லேன்."

"உங்க சாமி நூல நாய்க்குக் கட்டுனேன்னு அந்த அம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லவா? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?"

அந்த வருஷத்தில் அவள் பயந்ததைக் குறை சொல்ல யாருக்கு வாயிருக்கிறது? ஆனால் நாயின் காலுக்கு அதெல்லாம் தெரியுமா! பழைய மேஜோடு ஒன்றைச் சூட்டியின் பாதத்தில் இழுத்து மாட்டி நூலை மறைத்தாள். சோமாவதி வந்து விசாரித்தபோது "கண்ணாடி குத்திருச்சு நோனா" என்று கூசாமல் பொய் சொன்னாள். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். திரும்பவும் உப்புத் தண்ணீர், திரும்பவும் மஞ்சள். பாதம் கன்றிக் கறுத்து, நாற்றம் எடுக்கத் தொடங்கியது. பொரித்த நெத்தலியை மூக்குக்கு நேரே நீட்டியும் சூட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நெத்தலியைத் தின்னாத நாயை அவள் கண்டதேயில்லை. செத்துவிடும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புருஷன் வேலையால் வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. குட்டியைத் துவாயில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

டாக்டர் கண்ணாடி போட்ட, நரைத்த மனிதர். விறைப்பு ஊசி போட்டு மயிரை வழித்தார். இடுக்கியால் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பி வெட்டி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரத்தினம்மா கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள்.

"பிரித் நூல்தானே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எங்க வீட்டு நாய்க்கும் அம்மா கட்டுவாங்க. கழுத்தில, தளர்த்தியா. குட்டிக்குக் காலில இறுக்கிக் கட்டலாமா? கால் பெருக்கும், நூல் பெருக்குமா?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் புண்ணைக் கழுவத் தொடங்கினார்.

அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் மறைத்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

"கால் தப்பும்" என்றார் டாக்டர். "ஆனா இந்த ரெண்டு விரலும் செத்துப்போச்சு, எடுக்கத்தான் வேணும். போன கிழமை கொண்டுவந்திருந்தா ஒரு விரலும் போயிருக்காது. இவ்வளவு நாள் ஏன் வச்சிருந்தீங்க?"

"பயமா இருந்திச்சு மாத்தையா."

"நாய்க்கு மருந்து கட்ட வர்றதுக்கு என்ன பயம்? யாருக்குப் பயந்தீங்க?"

மழுப்பிவிட்டு வந்திருக்கலாம். மழுப்புவதில் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஆனால் அந்தக் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டு அவளுக்குப் பொய் வரவில்லை.

"உங்களுக்குத்தான் மாத்தையா" என்றாள்.

டாக்டர் சூட்டியின் பாதத்தை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தபடி, அவள் முகத்தைப் பாராமல், அப்படியே நின்றார்.