சம்பந்திகள் ஒதுங்கிய பெட்டி

கல்யாணத்தன்று குரூப் போட்டோ எடுக்கும்போது, பெண்ணின் அப்பாவான பல் டாக்டர், மாப்பிள்ளையின் அப்பாவிடம், "சம்பந்தி, கொஞ்சம் வாயை மூடுங்க" என்றார். மண்டபத்துக்கே கேட்டது. பஸ் டிரைவரான சம்பந்தி வாயை மூடிக்கொண்டார். டாக்டரிடம் அதற்குப் பிறகு திறக்கவேயில்லை.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தாள் டாக்டரின் மகள். பிறகு புருஷனைக் கார் ஓட்டச் சொல்லி, இரண்டு அப்பாக்களையும் பின்சீட்டில் ஏற்றி, வெள்ளைக்காரன் காலத்துச் சர்ச் ஒன்றைப் பார்க்க அழைத்துப் போனாள்.

புயல் அதன் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பல காலம் ஆகியிருந்தது. மணிக்கூண்டு பாதிதான் நின்றது. பீடத்தின் மேல் ஆடு ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் தூணைத் தட்டிப் பார்த்து, "கட்டுமானம் நல்லாதான் இருக்கு" என்று ஆட்டிடம் சொன்னார்.

"கூரைதான் சரியில்ல" என்று டிரைவரும் ஆட்டிடமே சொன்னார்.

திடீரென்று மழை கொட்டியது. இளசுகள் காருக்கு ஓடிவிட்டார்கள். பெரியவர்கள் இருவருக்கும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் கூரை மிச்சமிருந்தது. அதன் கீழே பாவமன்னிப்புப் பெட்டி. பாதிரியார் உட்காரும் பக்கம் டிரைவர் நுழைந்தார். பாவம் சொல்ல வருகிறவர் பக்கம் டாக்டர். நடுவே மரத்தட்டி. அதிலும் கரையான் பெரிய ஓட்டை போட்டிருந்தது.

"சம்பந்தி, ஏன் என்கூட பேச மாட்டேங்கறீங்க?"

"நீங்கதானே வாயை மூடச் சொன்னீங்க?"

"ஐயோ! உங்க முன்பல்லுல கீரை ஒட்டியிருந்துச்சு. போட்டோவுல விழுந்துடுமேன்னு சொன்னேன்."

டிரைவர் நாக்கால் முன்பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அதைக் காதோட சொல்லியிருக்கலாமில்ல?"

"தப்புதான். நீங்க ஃபாதர் சீட்டுல இருக்கீங்க, நீங்களே மன்னிச்சிடுங்க."

டிரைவருக்குப் பதவி பிடித்துப்போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டார். "மன்னிச்சாச்சு. ஆனா ஒரு பரிகாரம் பண்ணணும். கடைவாய்ப் பல்லு ஒண்ணு உயிரை வாங்குது. வீட்டுல சொன்னா உங்ககிட்ட போகச் சொல்லுவாங்கன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"கடிக்காதீங்க, இன்னும் கெட்டுப்போகும்! எங்க, 'ஆ' காட்டுங்க."

மழை விட்டதும் குடையோடு வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். கரையான் ஓட்டையில் மாமனாரின் வாய் மட்டும் பிளந்து தெரிந்தது. அப்பா செல்போன் வெளிச்சத்தை அதற்குள் அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்னப்பா இது?"

"வெளிய உக்காரும்மா. பேஷண்ட் இருக்காங்க."

பேஷண்டும் "ஆ" என்றார்.